பழைய டிராக்டரின் பின் அச்சு: கசிவைக் கண்டதும் கவனியுங்கள்



"அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டை வண்டி ஓட்டிய காலத்தில் இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பாரம் ஏற்றுவதற்கு முன்னால் கடையாணி இருக்கிறதா என்று கை தானாகத் தடவிப் பார்க்கும். அச்சு கிறீச்சிட ஆரம்பித்தால் அன்றைக்கே சக்கரத்தைக் கழற்றி வண்டி மை போட்டுவிடுவோம்.

டிராக்டர் வந்த பிறகு அந்தப் பழக்கம் நம்மைவிட்டுப் போய்விட்டது. எஞ்சினுக்கு ஆயில் மாற்றுகிறோம். டீசல் வடிகட்டியைச் சுத்தம் செய்கிறோம். பின் அச்சை மட்டும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கனமான இரும்புக் கூட்டுக்குள்ளே மறைந்து கிடப்பதால், அது கெடவே கெடாது என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் வண்டியின் பாரம், ஏரின் இழுவை, டிரெயிலரின் சுமை மூன்றையும் தாங்குவது அந்தப் பின் அச்சுதான்.

ஆகவே பழைய டிராக்டரின் பின் அச்சு எப்படிக் கெடுகிறது, கெடுவதற்கு முன் என்ன அடையாளம் காட்டுகிறது, பழுது பார்க்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று எதை எதைக் கவனிக்க வேண்டும் என்பதை இன்று சொல்கிறேன். நான் மெக்கானிக் அல்ல. ஊர் ஊராகப் போய் வயலையும் கருவிகளையும் பார்த்துவருகிறவன். பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

ஆறு மாதத்துக் கசிவு

சில ஆண்டுகளுக்கு முன்னால், சம்பா நடவு சமயம். எங்கள் வட்டாரத்தில் ஒரு விவசாயியின் வயலுக்குப் போயிருந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் உழைத்த டிராக்டர் வரப்போரம் நின்றது. அதன் வலது பின் சக்கரத்தின் உட்பக்கத்தில் கறுப்பாக எண்ணெய்ச் சேறு அப்பியிருந்தது.

"என்னங்க பெரியவரே, இங்கே எண்ணெய் கசியுதே?" என்று கேட்டேன்.

"அது ஆறு மாசமா அப்படித்தாங்க ஐயா இருக்கு. மாசத்துக்கு ரெண்டு லிட்டர் ஊத்தினா போதும், வண்டி பாட்டுக்கு ஓடுது. அறுப்பு முடிஞ்சு பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார்.

"சீக்கிரம் பார்த்துவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நான் பயிரைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்கு இன்னும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

அறுவடை முடிந்தது. நெல் மூட்டை ஏற்றிய டிரெயிலரோடு வாய்க்கால் கரைமேல் வந்துகொண்டிருந்தார். மட்கார்டின்மேல் அவருடைய மகன் உட்கார்ந்திருந்தான். குறுக்கே ஒரு கன்றுக்குட்டி ஓடிவந்தது. பிரேக்கை மிதித்தார். இடது சக்கரம் பிடித்தது. வலது சக்கரம் பிடிக்கவில்லை. ஆறு மாதமாகக் கசிந்த எண்ணெய் அந்தப் பக்கத்துப் பிரேக் லைனிங்கை ஊறவைத்திருந்தது. வண்டி இடது பக்கமாகச் சுழன்று வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. பையன் குதித்ததில் கை முறிந்தது. வாய்க்காலில் முழங்கால் அளவுதான் தண்ணீர் ஓடியது. வண்டி கவிழாமல் சாய்ந்தபடியே நின்றது. அதனால்தான் இன்று இதை நிதானமாகச் சொல்ல முடிகிறது.

கெட்டுப்போனது ஒரு ஆயில் சீல். பெரும்பாலும் ஒரு நாள் ஆள் கூலிக்குள் அடங்கிவிடும் சின்னச் சாமான் அது. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். பின் அச்சு ஒரே நாளில் கெடுவதில்லை. முதலில் கசிந்து காட்டும், பிறகு ஆடிக் காட்டும், கடைசியில்தான் ஒடியும். முதல் அடையாளத்திலேயே கவனித்தால் செலவும் குறைவு, ஆபத்தும் இல்லை.

உள்ளே என்ன இருக்கிறது?

எஞ்சினின் சுழற்சி கியர் பெட்டி வழியாகப் பின்னால் வருகிறது. அங்கே பினியன் என்ற சிறிய பல்சக்கரம், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கிரவுன் வீலோடு சேர்ந்தாற்போல டிபரன்ஷியல் இருக்கிறது. அதிலிருந்து இடது புறம் ஒன்றும் வலது புறம் ஒன்றுமாக இரண்டு ஷாப்டுகள் போகின்றன. ஷாப்டின் வெளி முனையில் சக்கரம்.

டிபரன்ஷியல் எதற்கு? போரடித்த நாளை நினைத்துக்கொள்ளுங்கள். பிணையல் மாடுகள் சுற்றிவரும்போது உள்மாடு மெதுவாக நடக்கும், கடைமாடு எட்டி நடக்கும். வண்டி திரும்பும்போதும் அப்படித்தான். உட்பக்கச் சக்கரம் குறைவாகவும் வெளிச்சக்கரம் அதிகமாகவும் சுற்ற வேண்டும். அந்த ஏற்பாட்டைச் செய்வது டிபரன்ஷியல்.

ஷாப்டின் வெளி முனையில் ஒரு பேரிங் இருக்கிறது. அதை அடுத்து ஆயில் சீல். உள்ளே இருக்கும் எண்ணெய் வெளியே வராமலும், வெளியே இருக்கும் சேறு உள்ளே போகாமலும் காப்பது இந்த ரப்பர் வளையம்தான். பல பழைய டிராக்டர்களில் இதற்கு அடுத்த அறையிலேயே பிரேக் ஷூவும் டிரம்மும் இருக்கின்றன. ஆகவே சீல் கிழிந்தால் எண்ணெய் நேராகப் பிரேக்குக்குத்தான் போகும்.

எல்லா வண்டியும் ஒரே மாதிரி அல்ல. 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனியின் மாஸ்ஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் கிரவுன் வீலிலிருந்து ஷாப்ட் நேராகச் சக்கரத்துக்கு வருகிறது. மஹிந்திரா பி 275 போன்றவற்றில் இடையே இன்னொரு ஜோடிப் பல்சக்கரம் உண்டு. பிரேக்கும் சக்கரத்தை ஒட்டி இல்லாமல் உட்புறமாக இருக்கும். அண்மைக் காலத்து வண்டிகள் பலவற்றில் பிரேக்கே எண்ணெயில் மூழ்கியபடி வேலை செய்கிறது. எனவே வண்டியோடு வந்த கையேட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தொலைந்துபோயிருந்தால் விற்பனையாளரிடம் ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மாஸ்ஸி பெர்குசன் 1035 போன்ற வண்டிகளில் கியர் பெட்டி, பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே எண்ணெய்தான். சீலில் எண்ணெய் கசிந்து மட்டம் குறைந்தால் ஏரைத் தூக்கும் சக்தியும் குறையும். "லிஃப்ட் சரியாத் தூக்கலை" என்று பம்பைப் பிரிப்பதற்கு முன்னால் எண்ணெய் மட்டத்தைப் பாருங்கள்.

வண்டி காட்டும் அடையாளங்கள்

முதல் அடையாளம், சக்கரத்தின் உட்பக்கம் ஈரமாக, புழுதி ஒட்டிக் கறுத்திருப்பது. தினமும் காலையில் விரலால் தடவிப் பாருங்கள்.

இரண்டாவது, பிரேக் ஒரு பக்கம் இழுப்பது. இரண்டு பெடலையும் கொக்கியால் சேர்த்து, ஆளில்லாத வெட்டவெளியில் மெதுவாக ஓட்டிப் பிரேக் போடுங்கள். மண்ணில் இரண்டு சக்கரத் தடமும் ஒன்றுபோல் விழ வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தேய்த்தால் மறுபக்கத்தில் எண்ணெய் இறங்கியிருக்கலாம், அல்லது சரிசெய்தல் தப்பியிருக்கலாம். எதுவானாலும் அதைச் சரிபார்க்காமல் ரோட்டுக்கு வரக் கூடாது.

மூன்றாவது, எண்ணெயின் நிறம். வடிதிருகைச் சற்றுத் தளர்த்திக் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த காபி மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. விரலில் தேய்க்கும்போது மினுமினுவென்று பொடி தெரிந்தால் பேரிங்கோ பல்லோ தேய்கிறது.

நான்காவது, ஆட்டம். பின் சக்கரத்தைத் தரையைவிட்டுத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். 'கடக்' என்று ஆடினால் பேரிங் தேய்ந்துவிட்டது.

ஐந்தாவது, சத்தம். நேராகப் போகும்போது ஓயாத இரைச்சல் வந்தால் பேரிங்கிலோ கிரவுன் வீலிலோ தேய்மானம் இருக்கலாம். திரும்பும்போது மட்டும் 'டக் டக்' என்று கேட்டால் டிபரன்ஷியலைச் சந்தேகிக்கலாம்.

கசிவைக் கண்டவுடன் சீலைக் குறை சொல்லிவிடாதீர்கள். பின் அச்சுக் கூட்டுக்குக் காற்றுத் துவாரம் ஒன்று உண்டு. அது சேற்றால் அடைபட்டால், எண்ணெய் சூடாகும்போது உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தாண்டி எண்ணெய் வெளியே வரும். எண்ணெயை அளவுக்கு மேல் ஊற்றினாலும் இப்படி ஆகலாம். முதலில் துவாரத்தைச் சுத்தம் செய்து, மட்டத்தைச் சரிபாருங்கள்.

தூக்கும்போதுதான் உயிருக்கு ஆபத்து

கழற்றுவதற்கு முன் இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

கெட்டியான சமதரையில் வண்டியை நிறுத்துங்கள். டிரெயிலரையும் ஏரையும் கழற்றிவிடுங்கள். முன் சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அண்டை கொடுங்கள். "கியரில் போட்டிருக்கேன், ஹேண்ட் பிரேக்கும் போட்டாச்சு, எங்கே நகரப் போகுது?" என்று நினைக்க வேண்டாம். ஒரு பின் சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிட்டால், டிபரன்ஷியல் காரணமாக அந்தச் சக்கரம் அந்தரத்தில் சுழன்றுகொடுக்கும். கியரில் இருந்தாலும் வண்டி உருண்டுவிடும். அந்த நேரத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது அண்டைக் கட்டைதான்.

டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரு ஆணியில் ஊசலாடும்படி அமைந்திருக்கிறது. பின்னால் ஒரு பக்கம் தூக்கும்போது வண்டி முழுவதும் சாயப் பார்க்கும். முன் அச்சுக்கும் மேலே இருக்கும் சட்டத்துக்கும் நடுவில், இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்துவிட்டால் இந்தச் சாய்வு நிற்கும்.

சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்திவிடுங்கள். பிறகு ஜாக்கியை அச்சுக் கூட்டின் அடியில் வைத்துத் தூக்குங்கள். தூக்கியதும் கனமான மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, பாரத்தை அதன்மேல் இறக்குங்கள். செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் துண்டு இவற்றை வைக்கவே கூடாது. பாரம் ஏறினால் சொல்லாமல் நொறுங்கும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்.

டயருக்குள் தண்ணீர் நிரப்பியிருக்கிறீர்களா? அப்படியானால் ஒரு சக்கரத்திலேயே நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் இருக்கும். அதாவது நூறு கிலோவுக்கு மேல் கூடுதல் பாரம். வால்வைக் கீழே கொண்டுவந்து முதலில் வடித்துவிடுங்கள். கழற்றிய சக்கரத்தைச் சுவரில் சும்மா சாய்த்து வைக்காதீர்கள். குழந்தை கை வைத்தாலும் விழும். மரத்திலோ தூணிலோ கயிறு போட்டுக் கட்டிவையுங்கள்.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை

எண்ணெயைச் சுத்தமான பாத்திரத்தில் வடியுங்கள். சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் எடுங்கள். பிரேக்கில் இருக்கும் தூசியை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் கல்நார் சேர்ந்திருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போனால் பல வருஷம் கழித்துக் கொடிய நோயைத் தரும். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.

அச்சுக் கூட்டின் முனையில் இருக்கும் போல்டுகளை எடுத்தால், பேரிங்கோடு சேர்த்து ஷாப்டை வெளியே இழுக்கலாம். அங்கே காகிதம் போல மெல்லிய உலோகத் தகடுகள் இருந்தால் அவைதான் ஷிம். ஷாப்ட் உள்ளும் வெளியும் எவ்வளவு அசையலாம் என்பதைத் தீர்மானிப்பது அவைதான். எத்தனை இருந்தன, எந்தப் பக்கம் இருந்தன என்று எண்ணி ஒரு தாளில் எழுதிவையுங்கள். பல பட்டறைகளில் சின்னப் பையன் இவற்றைக் குப்பையில் போட்டுவிடுவான். ஷிம் குறைந்தால் பேரிங் இறுகிச் சூடேறும். கூடினால் ஷாப்ட் ஆடும். சில மாடல்களில் இரண்டு ஷாப்டுகளின் உள் முனைகளும் நடுவில் எதிரெதிரே நிற்பதால், ஒரு பக்கத்து ஷிம்மை மாற்றினாலும் இரண்டு பக்கத்து அளவும் மாறும். சரியான அளவு கையேட்டில் இருக்கும். அதை அளவுகோல் வைத்துத்தான் பார்க்க வேண்டும், கைக்கணக்கு உதவாது.

வெளியே வந்த ஷாப்டைத் துடைத்துவிட்டு மூன்று இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, உள் முனையில் உள்ள பல் வரிகள். அவை நேராக ஓட வேண்டும். கயிறு திரித்த மாதிரி முறுக்கிக்கொண்டிருந்தால் அந்த ஷாப்ட் சீக்கிரம் ஒடியும். மாற்றிவிடுங்கள்.

இரண்டு, சீல் உட்காரும் இடம். நகத்தால் கீறிப் பார்த்தால் பள்ளம் தட்டுப்படுகிறதா? அப்படியென்றால் புதுச் சீல் போட்டாலும் கசியும். மெல்லிய வளையம் ஏற்றிச் சரிசெய்யலாம், முடியாவிட்டால் ஷாப்டை மாற்ற வேண்டும். "போன மாசம்தாங்க புதுச் சீல் போட்டேன், மறுபடி கசியுது" என்று பலர் சொல்வதற்கு இந்தப் பள்ளமும் ஒரு காரணம்.

மூன்று, பேரிங். மண்ணெண்ணெயில் கழுவிப் பாருங்கள். உருளைகளில் அம்மைத் தழும்பு போலக் குழி இருந்தாலும், நீலம் பாய்ந்திருந்தாலும் அது ஆகாது. உருளையையும் அதன் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஷாப்ட் ஒடிந்தே போயிருந்தால், ஒடிந்த முகத்தைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு பகுதி வழவழவென்று கறுத்தும், மீதி சொரசொரவென்று பளிச்சென்றும் இருக்கும். கறுத்த பகுதி பல நாளாக விரிசல் விட்டிருந்த இடம். பளிச்சென்று இருப்பதுதான் கடைசியில் ஒடிந்த இடம். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு" என்பதற்கு அந்த இரும்பே பதில் சொல்லும்.

ஒடிந்த ஷாப்டை வெல்டிங் வைத்து ஓட்டலாமா என்று கேட்கிறார்கள். கூடவே கூடாது. அது பதம் பார்த்துக் கடினப்படுத்திய எஃகு. வெல்டிங் சூட்டில் அந்தப் பதம் போய்விடும். நேராக வரும் வகை வண்டியில் சக்கரத்தைச் சுற்றுவது மட்டுமல்ல, வண்டியின் பாரத்தைத் தாங்குவதும் அந்த ஷாப்டுதான். பேரிங்குக்கு வெளியே ஒடிந்தால் சக்கரமே கழன்று போகும்.

காயலான் கடையில் பழைய ஷாப்ட் வாங்குவதாக இருந்தால், உங்கள் ஷாப்டைக் கையோடு எடுத்துப் போங்கள். நீளம், பல் வரிகளின் எண்ணிக்கை, போல்டுத் துளைகள் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சில வண்டிகளில் இடதும் வலதும் ஒரே நீளம் இருக்காது. லேத் பட்டறையில் கொடுத்துச் சுழற்றி, வளைவு இல்லை என்று தெரிந்த பிறகு பணம் கொடுங்கள்.

பூட்டும்போது

பேரிங்கைச் சில வண்டிகளில் நட்டும், சிலவற்றில் இறுக்கமாக ஏற்றிய இரும்பு வளையமும் பிடித்திருக்கும். வளையத்தை எடுக்கத் துளை போட்டு உளியால் பிளப்பார்கள். ஷாப்டில் உளி படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சின்ன வெட்டு விழுந்தாலும் நாளைக்கு அங்கேதான் விரிசல் ஆரம்பிக்கும்.

புதுப் பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றக் கூடாது, காஸ் நெருப்பையும் நேராகக் காட்டக் கூடாது. எண்ணெயில் 100 முதல் 110 டிகிரி வரை சூடாக்கினால் விரிந்து தானாக இறங்கும். 120 டிகிரியைத் தாண்டவிட வேண்டாம். எண்ணெய் தீப்பிடிக்கக் கூடியது. ஆகவே இதைப் பழகியவர் செய்யட்டும், நீங்கள் தள்ளி நில்லுங்கள்.

சீலைப் போடுமுன் அதன் உதட்டில் எண்ணெயோ கிரீஸோ தடவுங்கள். சிறு ஸ்பிரிங் இருக்கும் பக்கம் எண்ணெயைப் பார்த்து இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் அன்றைக்கே கசியும். மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் ஒரே சீராகத் தட்டி உட்கார வையுங்கள். பல் வரிகள் சீலின் உதட்டைக் கிழிக்காமல் இருக்க, அவற்றின்மேல் வழவழப்பான தாளைச் சுற்றிக்கொண்டு நுழைக்கலாம்.

எண்ணெய் ஊறிய பிரேக் லைனிங்கைப் பெட்ரோலில் கழுவியோ நெருப்பில் காட்டியோ மறுபடி போடாதீர்கள். மேலே காய்ந்தாலும் உள்ளே ஊறிய எண்ணெய் சூட்டில் வெளியே வரும். புதிது போடுங்கள். அதுவும் இரண்டு பக்கமும் சேர்த்துப் போடுங்கள். ஒரு பக்கம் புதிதும் ஒரு பக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி மறுபடியும் ஒரு பக்கம் இழுக்கும்.

கிரவுன் வீல், பினியன் இரண்டில் ஒன்று பல் உடைந்தாலும் இரண்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். அவை ஒன்றுக்கொன்று இழைத்துச் சேர்த்த ஜோடி. உடைந்த துண்டு ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. இந்த வேலைக்கு வண்டியை நடுவே பிரிக்க வேண்டும். பல் பொருத்தத்தை அளந்து வைக்க வேண்டும். இதை மட்டும் மரத்தடியில் செய்ய வேண்டாம். தேர்ந்த பட்டறைக்குக் கொண்டு போங்கள்.

கடைசியாக, கையேடு சொல்லும் ரக எண்ணெயை, சமதரையில் வண்டியை நிறுத்தி, அளவுக்கோல் குறிவரை ஊற்றுங்கள். எஞ்சினிலிருந்து வடித்த கழிவு ஆயிலை இங்கே ஊற்றுகிற வழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அதிலுள்ள கசடு பேரிங்கையும் ஹைட்ராலிக் பம்பையும் தின்றுவிடும். சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள். ஒரு நாள் வேலை முடிந்ததும் மறுபடி ஒரு சுற்று முடுக்கிப் பாருங்கள். பிரேக்கை வெட்டவெளியில் சோதித்த பிறகே ரோட்டுக்கு வாருங்கள்.

மறுபடி கெடாமல் இருக்க

சேற்றுழவின்போதுதான் சீலுக்குச் சோதனை அதிகம். தொழி உழவு முடிந்தவுடன் சக்கரத்தின் உட்பக்கச் சேற்றை, காய்ந்து இறுகுவதற்கு முன் கழுவிவிடுங்கள். சர்வீஸ் கடையில் தண்ணீர் பீய்ச்சும்போது சீலுக்கும் காற்றுத் துவாரத்துக்கும் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லுங்கள். வண்டியை அச்சு மூழ்கும்படி வாய்க்காலில் நிறுத்தாதீர்கள். பருவம் முடிந்ததும் எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள்.

டயருக்கு வெளியே மாட்டும் கேஜ் வீல், பாரத்தை அச்சின் முனைக்கு மேலும் வெளியே தள்ளுகிறது. சேற்றில் அது தேவைதான். வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள். அதோடு மேட்டிலும் ரோட்டிலும் ஓட்டினால் ஒவ்வொரு குலுக்கலும் பேரிங்கில்தான் விழும்.

இரண்டு சக்கர டிரெயிலரில் மூட்டைகளை முன்பக்கமாகக் குவிக்காதீர்கள். அந்தப் பாரம் டிராக்டரின் பின் அச்சுமேல் உட்காரும். டிபரன்ஷியல் பூட்டு உள்ள வண்டியில், சக்கரம் வழுக்கும்போது நேராகப் போகையில் மட்டும் அதைப் போடுங்கள். திரும்புமுன் எடுத்துவிடுங்கள். பூட்டோடு திருப்பினால் ஷாப்டும் பல்லும் முறுக்கு வாங்கும். ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடலும் கொக்கியால் சேர்ந்திருக்கட்டும். மட்கார்டில் பிள்ளைகளை மட்டும் என்றைக்கும் உட்கார வைக்காதீர்கள்.

இதையெல்லாம் கையால் செய்து பழக விரும்பும் இளைஞர்களுக்குப் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டத்தில் கார்லதின்னெ என்ற ஊரில் மத்திய அரசின் தென்மண்டலப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் இருக்கிறது. நம் மாவட்டங்களில் உள்ள வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

வாய்க்காலில் இறங்கிய அந்தப் பெரியவரைப் போன வருஷம் பார்த்தேன். அதே வண்டிதான். பையனின் கை கூடிவிட்டது. இப்போது அவன்தான் வண்டி ஓட்டுகிறான். கிளம்புவதற்கு முன் குனிந்து, இரண்டு பின் சக்கரங்களின் உட்பக்கத்தையும் விரலால் தடவி, விரலைப் பார்த்துவிட்டு ஏறினான்.

"அந்தக் காலத்துல நாங்க கடையாணியைப் பார்ப்போமே, அந்த மாதிரிதாங்க ஐயா" என்றார் பெரியவர்.

நாளைக் காலையில் நீங்களும் ஒருமுறை தடவிப் பாருங்கள். விரல் காய்ந்திருந்தால் நல்லது. ஈரமாக இருந்தால் அறுப்பு வரை காத்திருக்க வேண்டாம்.